இப்பத்தானுங்க உண்டேன்

அன்பு மகளுக்கு,

இங்கே அனைவரும் சுகம், அங்கே உங்கள் சுகத்துக்கு எழுதவும் என்று தொடங்கத்தான் கை பழகியிருக்கிறது. அந்த வரியை எழுதி அடித்துவிட்டேன். இங்கே சுகம் இல்லை. அங்கே நீ சுகம் என்று எழுதினாலும் நான் நம்பப் போவதில்லை. பிறகு எதற்குக் காகிதத்துக்குக் கேடு?

இந்தக் கடிதத்தை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். உன் அம்மாவோடு பிறந்த மாமா புளியம்பட்டிச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறார். அங்கிருந்து சத்தியமங்கலம் வந்து இதை மாப்பிள்ளை கையில் கொடுக்கும்படி சொல்லியிருக்கிறேன். உன் கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். படிப்பாய், மடித்து முந்தானையில் முடிந்துகொள்வாய், யாராவது கேட்டால் "சும்மா விசாரிச்சு எழுதியிருக்காருங்க" என்பாய். அதனால் மாப்பிள்ளையே வாங்கிப் படிக்கட்டும். எழுத்துத் தெரியாத சம்பந்தியம்மாளுக்கு அவர் உரக்க வாசித்துக் காட்டட்டும். உன்னிடம் பேசுவதாகத்தான் எழுதுகிறேன், ஆனால் வீடே கேட்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நடுவில் என் வாய் கொஞ்சம் நீளும். அது அவர்கள் மேல் உள்ள கோபம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் நல்ல மனிதர்கள், அதுதான் எனக்குப் பெரிய தொந்தரவாக இருக்கிறது.

விஷயம் இதுதான். நெல் குவிந்து கிடக்கிற வீட்டில், வயிற்றில் பிள்ளையோடு, நீ பட்டினி கிடக்கிறாய். எல்லாரோடும் உட்கார்ந்துதான் உண்கிறாய், ஆனால் உண்பது எதுவும் உன் உடம்பில் ஒட்டுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தெரியாது. இப்படியே போனால் நீ வருகிற தை மாதத்தைப் பார்க்க மாட்டாய். எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் வைத்திருந்து மட்டும் யாருக்கு என்ன லாபம்?

மாப்பிள்ளைக்குத் தெரியாத கதை என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். உனக்கு எட்டு வயது நடக்கும்போது வயிற்றுப்போக்கு வந்தது. அது வராத குழந்தை எது? கஷாயம் கொடுத்தோம், நின்றது, மறுபடி வந்தது. பிறகு நிற்கவே இல்லை. கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் முன்னால் வந்தது. நாக்கு தோல் உரிந்து சிவந்தது. கிராணி என்று ஒரு வைத்தியர் பேர் சொன்னார். பேர் தெரிந்ததுமே பாதி தீர்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், என் புத்தியைப் பார்த்துக்கொள். அவர் உப்பில்லாப் பத்தியம் வைத்தார். அடுத்தவர் பாலைத் தவிர வேறெதுவும் கூடாது என்றார். அவருக்கும் அடுத்தவர், "பாலா குடுத்தீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டார். நம் வீட்டில் கறவை மாடு இருந்தது, பாலுக்குக் குறைவில்லை. அந்தப் பாலைப் புகட்டியே உன்னைக் கொன்றிருப்போம். கடைசியில் சூலூருக்கு வந்து மோட்டார் ஏறி, உன்னை மடியில் வைத்துக்கொண்டு கோயமுத்தூர் போனேன்.

அங்கே ஒரு டாக்டர். இங்கிலீஷ் வைத்தியம் படித்தவர், ஆனாலும் நம் பேச்சுப் பேசினார். உன் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார், வீட்டில் என்ன உண்கிறீர்கள் என்று கேட்டார். மேட்டுக்காட்டு விவசாயி என்ன சொல்வேன்? கம்பு, சோளம், ராகி, கொள்ளு, கடலைக்காய் என்றேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். இனி இதெல்லாம் கிடையாது என்றார். எண்ணெயும் கிடையாது, பருப்பும் கிடையாது, மிளகாய், தேங்காய், பால் எதுவும் கிடையாது. ஒரு வருஷமாவது பழகிய அரிசியைக் குழையக் காய்ச்சி வடித்த கஞ்சி, வெண்ணெய் எடுத்த மோர், தோல் கறுக்கப் பழுத்த பூவன் பழம், கொஞ்சம் மாதுளைச் சாறு. உலகத்தில் உனக்கு இவ்வளவுதான் சாப்பாடு. "எத்தனை நாளைக்குங்க?" என்று கேட்டேன். "நாளைக் கேக்காதீங்க. இது தீர்ற சீக்கு இல்லீங்க, தவறாம பாத்துக்கிட்டாத் தள்ளிக்கிட்டே போலாம்" என்றார். வெளியே வந்ததும் தெருக் குழாயில் உனக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். சிறுவாணித் தண்ணீர் ஊருக்கு வந்த புதிது. நம் கிணற்று உப்புத் தண்ணீரே குடித்துப் பழகிய நீ, "இதுல சக்கரை போட்டிருக்காங்களாப்பா, நான் குடிக்கலாங்களா?" என்று கேட்டாய். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், அடுத்த மாரியம்மன் நோம்பிக்குள் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிவைத்தேன்.

மேட்டுக்காட்டில் நெல்லுச்சோறு என்பது ஒரம்பரை, விருந்தாளி என்று யாராவது வந்தால் ஆக்குவது, இல்லாவிட்டால் தீபாவளிக்கு ஆக்குவது. நீயோ தினமும் அதையே உண்ண வேண்டியவள். "மவராசிக்கு நெல்லுச்சோறு மட்டுந்தான் எறங்குமாமா" என்று கிணற்றடியில் சிரித்தார்கள். பல்லடம் சந்தையில் பழைய அரிசி என்று சொல்லிப் புது அரிசியைக் கலந்து கொடுத்த வியாபாரியோடு நான் கைகலப்பு வரைக்கும் போனேன். அவனுக்கென்ன, சட்டை கிழிந்ததோடு போயிற்று. அந்த அரிசிக்கு நீ எத்தனை நாள் படுத்தாய் என்று அவனுக்குத் தெரியுமா? அதற்கப்புறம் அரிசியை முன்கூட்டியே வாங்கி, வேப்பிலை போட்டு, நானே வீட்டில் பழக வைத்தேன். உப்புத் தண்ணீரில் கஞ்சி குழையவில்லை என்று உன் அம்மா அடுத்த ஊர்க் கிணற்றுக்கு நடந்தாள். தாளிக்கிற வாசனை வந்தால் நீ அழுவாய். அழுததுகூடப் பரவாயில்லை. கொஞ்ச நாளில் அழுவதை விட்டுவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் வந்து வாசனை பிடித்துக்கொண்டு சும்மா உட்கார ஆரம்பித்தாய். அதோடு நம் வீட்டில் தாளிப்பதே நின்றது. உன்னைச் சோளக்காட்டுக்கு அனுப்பிவிட்டு நானும் உன் அம்மாவும் திருடர்கள் மாதிரி அவசரமாகக் களியை முழுங்கி வாயைக் கழுவிக்கொள்வோம். நீ திரும்பி வந்து எங்கள் கையை மோந்து பார்ப்பாய். "கொள்ளுப் பருப்புங்களா?" என்பாய். கோபமே இல்லாமல், தெரிந்துகொள்வதற்காகக் கேட்பாய்.

கடலைக்காய் பறிக்கிற காலத்தில் ஒருநாள் வரப்போரம் குனிந்து உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் வந்து பார்த்தேன். பச்சைக் கடலையை வாயில் போட்டு மென்று மென்று, சக்கையைக் காலடியில் துப்பி, மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும், "முழுங்கலீங்கப்பா, ருசி மட்டுந்தானுங்க" என்றாய். நான் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டி வந்தேன். எனக்கு நம்பிக்கை போனது அன்றைக்குத்தான். இந்தப் பிள்ளை பிழைத்தாலும் இப்படித்தான் பிழைக்கும் என்று தெரிந்துபோயிற்று. அதை இவ்வளவு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு மாமா ஊரில் மாரியம்மன் நோம்பி வந்தது. தாய்மாமன் வீடு, போகாமல் இருக்க முடியாது. உனக்கு அரிசியும் கஞ்சிச் சட்டியும் கையோடு எடுத்துக்கொண்டுதான் போனோம். உன் அத்தைக்கு அது பொறுக்கவில்லை. பிள்ளை இல்லாதவள், நல்ல மனசு. மற்றக் குழந்தைகளெல்லாம் நெய் ஒழுக இனிப்பு ஒப்புட்டுத் தின்னும்போது நீ மட்டும் சட்டியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, உள்ளே கூட்டிக்கொண்டு போய், "ஒரு வாய் உண்டா என்ன கண்ணு ஆயிரும்? அம்மன் பாத்துக்குவா" என்று ஊட்டிவிட்டாள். ஒரு வாயோடு நின்றிருக்காது. ஆசையாய் வாங்கியிருப்பாய், உன்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். இரண்டு நாளில் உனக்குக் கண் சொருகிவிட்டது. வாயில் விட்ட மோர் கடைவாயில் வழிந்தது. "நானே கொன்னுபோட்டனே" என்று அத்தை வாசலில் விழுந்து அழுதாள், அவளைத் தேற்ற எங்களில் யாருக்கும் தெம்பு இல்லை. நீ எப்படியோ திரும்பினாய். அவள் அதற்குப் பிறகு எந்தக் குழந்தைக்கும் தன் கையால் ஊட்டியதில்லை.

அப்போதுதான் யோசித்தேன். பகையாளியிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம், பிரியம் வைத்தவர்களிடமிருந்து எப்படிக் காப்பாற்றுவது? நம் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலை மிதித்தால் "சோறுண்ணுங்க" என்பார்கள். வேண்டாம் என்றால் மனத்தாங்கல். உடம்புக்கு ஆகாது என்றால், ஆகிற மாதிரி ஒன்று செய்து தருகிறேன் என்று அடுப்பைப் பற்றவைப்பார்கள். ஒரே ஒரு பேச்சுக்குத்தான் விடுவார்கள். அதை உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். நான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அத்தை மாதிரி, "வா கண்ணு, சோறுண்ணு" என்பேன். நீ "வேண்டாங்க" என்பாய்.

"வேண்டாம்னு சொன்னா மொகத்துல அடிக்கறாப்பல இருக்கும் அம்மணி. இப்பத்தானுங்க உண்டேன்னு சொல்லோணும். சொல்லு பாக்கலாம்."

"இப்பத்தானுங்க உண்டேன்."

"சிரிச்சுக்கிட்டுச் சொல்லோணும்."

சிரித்துக்கொண்டு சொன்னாய். நான் விடாமல், "அத்தைக்காக ஒரு வாய் உண்ணு கண்ணு" என்றேன். "வகுறு நெறஞ்சு கெடக்குதுங்கத்தை, அடுத்த தடவ கண்டிப்பா உங்கறனுங்க" என்றாய். இந்த இரண்டாவது பேச்சை நான் சொல்லித் தரவில்லை, நீயாகப் போட்டது. நானும் உன் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். நம் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அதிலிருந்து விளையாட்டு மாதிரி தினமும் பழக்கினேன். பசியில் துவண்டு படுத்திருக்கும்போது யாராவது வந்து கேட்டாலும், கண்ணைத் திறப்பதற்கு முன்னால் அந்தப் பேச்சு உன் வாயில் வந்தது. என்ன நாகரிகமான பிள்ளை என்று ஊரில் பேர் வாங்கினாய். நானும் பூரித்துப்போனேன்.

அப்படியே வளர்ந்தாய். கஞ்சியிலும் மோரிலும் எவ்வளவு வளர முடியுமோ அவ்வளவு வளர்ந்தாய். கல்யாணப் பேச்சு வந்தபோது உன் அம்மா, "இவளைக் குடுக்கவே வேண்டாமுங்க, நம்ம கண்ணு முன்னாலயே இருக்கட்டும்" என்றாள். நான் கேட்கவில்லை. கூடப் பிறந்தவர் யாரும் இல்லாதவள் நீ, எங்களுக்குப் பிறகு உனக்கு யார் கஞ்சி காய்ச்சுவார்கள் என்பதே என் கவலை. மேட்டுக்காட்டு வரன்களை எல்லாம் கழித்தேன். கோயமுத்தூர்ப் பஞ்சு மில்லில் வேலையாக இருந்த பையனையும் கழித்தேன். சத்தியமங்கலம், வாய்க்கால் பாசனம், நெல்லுக்காரர் வீடு என்று பேச்சு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆற்றுப் பாசனத்துக்காரர்கள் மூன்று வேளையும் நெல்லுச்சோறு உண்கிறார்கள் என்று மேட்டுக்காட்டானுக்கு ஒரு நினைப்பு. சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கேட்டு வளர்ந்தோம். ஊர் ஜாதகம் பார்க்கும், நான் வாய்க்காலைப் பார்த்தேன், நெல் கொட்டிய குதிர்களைப் பார்த்தேன், இனி என் மகளுக்குக் கஞ்சிக்குப் பஞ்சமில்லை என்று திரும்பினேன். பெண் பார்க்க வந்த அன்று சீக்கு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "புள்ளைக்கு வகுறு சின்னதுங்க, நெல்லுக்கஞ்சியும் மோரும் இருந்தாப் போதுங்க" என்றேன். சம்பந்தியம்மாள் சிரித்துக்கொண்டே, "அதுக்கென்னுங்க, இந்தக் காலத்துல அப்பிடி ஒரு புள்ள கெடைக்கோணுமே" என்றார். சொன்ன மாதிரியும் ஆயிற்று, சொல்லாத மாதிரியும் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அவர் காதில் அது, பெண் சிக்கனக்காரி என்று விழுந்திருக்கிறது.

ஆடிக்கு உன்னை அழைத்து வர ஆள் அனுப்பினேன். வாய்க்காலில் தண்ணீர் விட்டாயிற்று, நடவு நேரம், முழுகாமல் வேறு இருக்கிறேன், பிறகு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாய். முழுகாமல் இருக்கிறாய் என்று கேட்டதும் உன் அம்மா சிரிக்கவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போன வாரம் நானே வந்தேன். கல்யாணத்துக்குப் போட்ட வளையல் உன் முழங்கை வரைக்கும் ஏறியிருந்தது. "வாங்கப்பா" என்று வாயை அதிகம் திறக்காமல் சொன்னாய். எனக்கும் உன் மாமனாருக்கும் இலை போட்டு நெல்லுச்சோறு பரிமாறினாய். சந்தோஷத்தில் வளைத்து வளைத்து உண்டேன். நீ உண்டாயா என்று கேட்டேன். "இப்பத்தானுங்க உண்டேன்" என்றாய், சிரித்துக்கொண்டு. சொல்லிக் கொடுத்தவனிடமே சொன்னாய், அவனும் நம்பினான்.

உண்ட பிறகு மாட்டுப்பட்டிப் பக்கம் நடந்துவிட்டுத் திரும்பும்போது பின்வாசலில் பார்த்தேன். நீயும் சம்பந்தியம்மாளும் நடவுக்கு வந்த பெண்களும் உட்கார்ந்து களியைக் குழம்பில் தொட்டு உண்டுகொண்டிருந்தீர்கள். நான் நிற்பதைப் பார்த்து சம்பந்தியம்மாள் எழுந்து வந்தார். "நெல்லு விக்கறதுக்கும் ஆம்பளைங்களுக்கும் ஒரம்பரைக்குமுங்க. எங்க பொம்பளைங்களுக்கு எப்பவும் ராகிக் களிதானுங்க" என்று சாதாரணமாகச் சொன்னார். "உங்க புள்ளைக்குத் தனியாக் கஞ்சி வெக்கறேன்னு வந்த புதுசுலயே கேட்டனுங்க. வேண்டாங்கத்தை, எல்லாரும் உங்கறதையே உங்கறேன்னு சொல்லிப்போட்டா. ரெண்டு வாய் உண்டுபோட்டு வகுறு நெறஞ்சிருச்சுங்கறா. இப்பிடி ஒரு அடக்கமான மருமக எங்க ஊர்லயே இல்லீங்க." உன்மேல் உள்ள பிரியத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நாக்கை நீட்டு அம்மணி" என்றேன். "நான் என்னங்கப்பா சின்னப் புள்ளைங்களா?" என்று சிரித்தாய். சிரிக்கும்போது தெரிந்துவிட்டது. தோல் உரிந்து கோவைப்பழமாகச் சிவந்திருந்தது, எட்டு வயதில் பார்த்த அதே நாக்கு. வாந்தியும் போக்கும் மசக்கையால் என்று வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எல்லாரும் களி உங்கறப்ப எனக்கு மட்டும் நெல்லுக்கஞ்சின்னு எப்பிடிங்கப்பா கேக்கறது? அவிய நல்லவிய. சீக்காளியக் கட்டிவெச்சுட்டாங்கன்னு உங்களைச் சொல்லிப்போடுவாங்க. நடவு முடியட்டுங்கப்பா, நானே வாரேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். நானும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

நேராகக் கோயமுத்தூர் போய் அதே டாக்டரைப் பார்த்தேன். அவருக்கும் வயதாகிவிட்டது. நாக்கைப் பற்றிச் சொன்னேன், எத்தனை மாசம் என்று கேட்டார். "மொதல்ல கூட்டிக்கிட்டு வாங்க. ரெண்டு உசுருக்கு ஒரு கஞ்சி எப்பிடிங்க பத்தும்? எதையும் உறுதியாச் சொல்ல முடியாதுங்க" என்றார். உன் அம்மா இந்தக் கடிதத்தை எழுத வேண்டாம் என்கிறாள். "எழுதினா அனுப்பிச்சுப்போடுவாங்க, வயித்துல புள்ளையோட வாழாவெட்டின்னு வந்து நிப்பா" என்கிறாள். "எழுதாட்டி நாமதான் அவளை எடுக்கப் போகோணும்" என்றேன். அவள் எழுந்து போய் அரிசியைப் புடைக்க ஆரம்பித்தாள்.

இந்த இடத்தை மாப்பிள்ளை நிறுத்தி வாசிக்கட்டும். களி கூடாது, இந்தப் போகத்து அரிசி கூடாது, பாலும் நெய்யும் கூடவே கூடாது, மசக்கைக்காரி ஆசைப்படுகிறாள் என்று எதையும் கொடுக்கக் கூடாது. இதையெல்லாம் செய்தாலும் நீ தேறுவாய் என்று என்னால் அவருக்கு வாக்குக் கொடுக்க முடியாது. பிறக்கிற குழந்தைக்கும் இதே வயிறாக இருந்துவிட்டால் என்ற நினைப்பை என்னால் தள்ளிவைக்கவும் முடியவில்லை. மகளுக்குப் புத்தி சொல்கிற வயதுதான் எனக்கு, ஆனால் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. "எனக்குப் பசிக்குதுங்கத்தை, கஞ்சி வேணுங்க" என்று கேள். இதை உனக்கு நான் ஒருநாளும் பழக்கவில்லை. இப்போது காகிதத்தில் எழுதிப் பழக்க முடியுமா? துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இங்கே உன் பேச்சையும் நானே சொல்லிப் பார்த்தேன், எனக்கே வாய் வரவில்லை.

மாமாவிடம் பழைய அரிசி ஒரு மூட்டையும், உன் கஞ்சிச் சட்டியும் கொடுத்துவிடுகிறேன். உன்னை அனுப்பச் சொல்லிக் கேட்பார், அனுப்பினால் அவரோடு வந்துவிடு. மாப்பிள்ளை இதை வாசித்து முடித்ததும் சம்பந்தியம்மாள் அழுவார், அவர் மனசு அப்படிப்பட்டது. அழுதுகொண்டே எழுந்து போய் அந்தச் சட்டியைக் கழுவி அடுப்பில் வைப்பார். குழையக் காய்ச்சி, வடித்து, ஆற்றிக் கொண்டுவந்து உன் முன்னால் வைத்து, "உண்ணு கண்ணு" என்பார். நீ அவருக்கு என்ன பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டு சொல்வாய்.

இப்படிக்கு,
சொல்லிக் கொடுத்த
உன் அப்பன்